பேருந்து டிரைவர் ஏஐயோடு வேலை செய்வது எப்படி

டிரைவர் இல்லாத பேருந்து எப்போது வரும், நம் வேலை போய்விடுமா என்பதுதான் டிரைவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் பேச்சு. அந்தக் கவலை நியாயமானது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் ஏஐ வருவதற்கு முன்பே, முகத்தைப் பார்த்து மார்க் போடும் ஏஐ கேபினுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முதலில் அதைப் பார்ப்போம்.

உங்கள் வண்டியில் என்னென்ன மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பலர் எல்லாவற்றையும் சேர்த்து "கேமரா" என்று சொல்லிவிடுகிறார்கள், உண்மையில் அவை மூன்று வேறு வேறு சாமான்கள். ஒன்று முகத்தைப் பார்ப்பது. இமை எவ்வளவு நேரம் மூடியிருந்தது, தலை சாய்ந்ததா, பார்வை சாலையை விட்டு விலகியதா என்று கணக்கு போடும். இரண்டாவது வெளியே பார்ப்பது. நம் கண்ணாடியில் தெரியாத இடத்தில் சைக்கிளோ ஆளோ நின்றால் எச்சரிக்கும், வேக வரம்பைத் தாண்டினால் சொல்லும். மூன்றாவதில் கேமராவே இருக்காது, பிரேக், ஆக்ஸிலேட்டர், வளைவு ஆகியவற்றில் வண்டி எவ்வளவு குலுங்கியது என்று அளந்து மதிப்பெண் போடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பேருந்திலும் தூக்க எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பக்கவாட்டில் நிற்கும் ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி எல்லாம் கட்டாயம். தயாரிப்பாளர்கள் ஒரு சந்தைக்காக வடிவமைத்ததை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோவார்கள் என்பதால், உங்கள் டிப்போவுக்கு இன்னும் வரவில்லை என்றாலும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்துகொண்ட பிறகு கேள்வி கேளுங்கள், வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். எது பதிவாகிறது, எப்போதும் பதிவாகிறதா அல்லது எச்சரிக்கை அடித்தால் மட்டுமா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள், நான் கேட்டால் எனக்குக் காட்டுவார்களா, மதிப்பெண் குறைந்தால் சம்பளத்திலோ டூட்டியிலோ கை வைப்பார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதற்குத்தான் பெரும்பாலும் தெளிவான பதில் வராது, விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்பவர்களுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது: மனிதர் தலையிடாமல் இயந்திரம் மட்டுமே எடுத்த பெரிய முடிவை எதிர்த்துக் கேட்கலாம், அதோடு 2025 பிப்ரவரி முதல் வேலையிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை ஏஐ வைத்துக் கணிப்பதே தடை, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. களைப்பு என்பது உடல் நிலை, அது உணர்ச்சிக் கணக்கில் வராது, அதனால் தூக்கக் கேமராவுக்கு அங்கேயும் தடை இல்லை. "இவர் கோபமாக இருந்தார்" என்று இயந்திரம் குறிப்பு எழுதுவது செல்லாது. இப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் இதே வரிகளைச் சங்கத்தின் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மதிப்பெண் போடும் கருவிக்கு வண்டி திடீரென்று நின்றது தெரியும், எதற்காக நின்றது என்பது தெரியாது. குறுக்கே ஓடிவந்த பிள்ளைக்காக மிதித்த பிரேக்கும் கவனக்குறைவால் மிதித்த பிரேக்கும் அதற்கு ஒரே எண்தான். எனக்கு ஒரு மாதம் சடன் பிரேக் கணக்கு ஏறிப்போய் விளக்கம் கேட்டார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே நிறுத்தத்தில், சாலை வேலைக்காகத் தடுப்பு வைத்து வழியைக் குறுக்கியிருந்த இடத்தில். அதைக் காட்டிய பிறகு பேச்சு என்னை விட்டு அந்தத் தடுப்பின் பக்கம் திரும்பியது. டிரிப் முடிந்ததும் ஒரே வரி போதும்: நேரம், இடம், என்ன நடந்தது. ஓட்டும்போது எழுதாதீர்கள், பயணிகள் பெயரோ படமோ அதில் வேண்டாம். நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.

கருவி தவறாகவும் சொல்லும். எதிர்வெயில், கறுப்புக் கண்ணாடி, லென்ஸில் படிந்த தூசி, மழைத் தண்ணீர் எல்லாம் அதைக் குழப்பும். காலையில் டயரும் விளக்கும் பார்க்கும்போது லென்ஸையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், இப்போது அதுவும் வண்டிச் சோதனையில் ஒரு பகுதி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பொய்யாக அடித்தால் உடனே பழுதுப் புத்தகத்தில் எழுதுங்கள். எரிச்சலில் கேமராவை டேப் ஒட்டி மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அப்படிச் செய்த நாளில் ஒரு விபத்து நடந்தால் உங்கள் பக்கம் பேச எதுவும் மிஞ்சாது.

தூக்க எச்சரிக்கை அடித்தால் மட்டும் அதோடு வாதாடாதீர்கள். நம் கண் நமக்கே தெரியாமல் மூடும், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கைகள் எந்த ஷிஃப்டில், எந்த மணிக்குக் குவிகின்றன என்று சங்கம் கேட்டு வாங்கினால், இத்தனை வருடமாக வாயால் சொல்லி யாரும் கேட்காத விஷயத்துக்கு நிறுவனத்தின் சொந்தக் கணக்கே சாட்சி ஆகிவிடும். ஒரே நாளில் இடைவெளி விட்டு இரண்டாக உடைத்துப் போட்ட ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில் பத்து டிரைவருக்குக் கண் சொருகினால் அது பத்து பேரின் தவறாக இருக்க முடியாது, அட்டவணையின் தவறு. டிரைவரைக் கண்காணிக்க வந்த கருவியை டிரைவருக்காகப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, தானாக ஓடும் பேருந்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே 2023 மே மாதம் 5 முழு அளவுப் பேருந்துகள் தாமாக ஓடத் தொடங்கின, ஃபோர்த் சாலைப் பாலத்தின் வழியாகச் சுமார் 22 கிலோமீட்டர். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருந்தார், பயணிகளைப் பார்த்துக்கொள்ள உள்ளே இன்னொருவர். ஆக, ஒரு வண்டிக்கு இரண்டு பேர். எதிர்பார்த்த கூட்டம் வராததால் 2025 பிப்ரவரியில் அந்தச் சேவை நின்றது. நாளைக்கே வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எதுவுமே ஆகாது என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு: தனிப் பாதையில் ஓடும் வண்டி, டிப்போவுக்குள் வண்டியை நகர்த்தி நிறுத்துவது, மெதுவாகப் போகும் சின்ன வண்டி, இவற்றில்தான் மாற்றம் முதலில் வரும். உங்கள் டூட்டி அந்த வகை என்றால் நீங்கள் முன்னதாகவே தயாராக வேண்டும்.

தானியங்கி வண்டியில் பாதுகாப்பு ஓட்டுநராக, அதாவது வண்டி தானாக ஓடும்போது கவனித்து, தேவைப்பட்டால் கையில் எடுப்பவராக உட்காரச் சொன்னால், உட்காருவதற்கு முன் பொறுப்பு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில் சோதனையில் இருந்த ஒரு தானியங்கிக் கார் சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. குற்ற வழக்கு நிறுவனத்தின் மேல் பாயவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் மேல்தான் பாய்ந்தது, 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது தவறுதான். ஆனாலும் ஓட்ட வேலை இல்லாமல் மணிக்கணக்கில் சாலையை மட்டும் வெறித்துப் பார்ப்பது மனித மனத்தால் முடியாத காரியம், ஓட்டுவதைவிட அதுதான் அதிகம் களைப்பூட்டும். குறைந்த நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று கேளுங்கள்.

கட்டுப்பாடு உங்கள் கைக்கு எப்படி வரும், எத்தனை விநாடியில் வரும் என்பதைக் காலி வண்டியில் பலமுறை பழகுங்கள். 2017 நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு தானியங்கிச் சிறு பேருந்து சேவை தொடங்கிய முதல் நாளே, பின்னோக்கி வந்த லாரி அதன் மேல் இடித்தது. வண்டி தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி நின்றது, அவ்வளவுதான். உள்ளே இருந்த பணியாளரின் கையில் கட்டுப்பாட்டுக் கருவி இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஹாரனை அழுத்திக்கொண்டே கொஞ்சம் பின்னால் எடுத்திருப்போம்.

பிழைப்பைப் பற்றிக் கடைசியாக. பாரிஸ் மெட்ரோவின் முதல் வழித்தடம் 2012 முடிவதற்குள் முழுக்கத் தானியங்கி ஆனது, அதன் ஓட்டுநர்கள் வேறு வழித்தடங்களுக்கும் வேறு பணிகளுக்கும் மாறினார்கள். லண்டன் டாக்லேண்ட்ஸ் ரயிலில் 1987-இல் தொடங்கிய நாள் முதலே ஓட்டுநர் அறை கிடையாது, ஆனால் பயணிகளோடு ஒரு பணியாளர் இருக்கிறார். நம் வேலையில் ஸ்டீயரிங் தவிர என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: வயதானவர் உட்காரும்வரை காத்திருந்து எடுப்பது, சக்கர நாற்காலியை ஏற்றிக் கட்டுவது, மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி, குடித்துவிட்டுச் சண்டைக்கு வருபவரை அமைதிப்படுத்துவது, வழி தெரியாத பிள்ளையைச் சரியான நிறுத்தத்தில் இறக்குவது. இவற்றில் பல உங்கள் பணி விவரத்தில் எழுதப்பட்டிருக்காது. எழுதாத வேலைக்குப் பேச்சுவார்த்தை மேசையில் மதிப்பு கிடையாது, அதனால் அந்தப் பட்டியலைச் சங்கத்திடம் கொடுத்து பணி விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மின்பேருந்துப் பயிற்சி, கட்டுப்பாட்டு அறைப் பயிற்சி, புது டிரைவருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி எது வந்தாலும் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.