இசட் ஸ்கோர் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு கம்பெனி திவாலை நோக்கிப் போகிறதா என்று கேட்டால் பலரும் ஆல்ட்மன் இசட் ஸ்கோரைத்தான் (கணக்கு அறிக்கை எண்களை வைத்துத் திவால் அபாயத்தைச் சொல்லும் ஒரு மதிப்பெண்) நீட்டுவார்கள். 1.81-க்குக் கீழே என்றால் ஆபத்து, 2.99-க்கு மேலே என்றால் பயமில்லை. சூத்திரம் எங்கும் கிடைக்கும். ஆனால் லாபக் கணக்கையே ஜோடித்திருந்தால் அதை வைத்துப் போடும் ஸ்கோரும் ஜோடிப்புதான், அதனால் என் வரிசையில் அது கடைசி.

படி 1: ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டி, செயல்பாட்டில் வந்த ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போக, பணம் மட்டும் வசூலாகாமல் நின்றால் உஷார். எக்செல் போதும், ஆண்டறிக்கையைத் திறந்து நீங்களே எண்களை எடுங்கள், ரெடிமேட் தளங்களை நான் நம்புவதில்லை.

படி 2: இங்கேதான் இடறும். போலி லாபத்தைப் போலி ரொக்கமாகவே காட்டிவிட்டால் படி 1-இல் எதுவும் சிக்காது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐடி கம்பெனியில் நடந்தது அதுதான். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதப்படி, கணக்கில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. வர வேண்டியதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் பொய். ஆகவே வட்டி வருமானத்தைச் சராசரி வங்கி இருப்பால் வகுத்துப் பாருங்கள், டெபாசிட் வட்டிக்குப் பக்கத்தில் வருகிறதா? வந்தாலும் விடாதீர்கள், அது கைக்கு வந்த வட்டியா, வெறும் 'வர வேண்டிய' வட்டியா என்று குறிப்புகளில் தேடுங்கள்.

படி 3: கம்பெனி யார் கையில்? சத்யத்தில் புரொமோட்டர்களிடம் (கம்பெனியைத் தொடங்கிக் கையில் வைத்திருப்பவர்கள்) பங்கு குறைவு, லாபம் சரிந்தால் வேறு யாராவது கம்பெனியை வாங்கிவிடுவார்கள், கணக்கில் இருந்த ஓட்டையும் வெளியே வந்துவிடும் என்ற பயத்தையும் அதே கடிதம் சொல்கிறது. போதாததற்கு அந்தக் கொஞ்சப் பங்கும் அடமானத்தில் இருந்தது, கடன் கொடுத்தவர்கள் விற்றுத் தள்ளினார்கள். அந்த மாதமே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அடமான விவரத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. இப்போது பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஷேர்ஹோல்டிங் பேட்டர்னில், அதாவது யாரிடம் எவ்வளவு பங்கு என்ற பட்டியலில், கிடைக்கும்.

படி 4: சந்தேகமான ரொக்கத்தையும் வர வேண்டிய பாக்கியையும் சொத்திலிருந்து, நடப்பு மூலதனத்திலிருந்து, சேர்ந்த லாபத்திலிருந்து கழித்துவிட்டு அப்புறம் ஸ்கோர் போடுங்கள்.

பின்சேர்க்கை: அடமானம் 60 சதவீதம் என்று பார்த்துப் பதறிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது புரொமோட்டர் வைத்திருக்கும் பங்கில் 60, மொத்தக் கம்பெனியில் அல்ல. இன்னொன்று, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் படி 1-ஐயும் இசட் ஸ்கோரையும் போடாதீர்கள், கடன் கொடுப்பதே அவர்கள் தொழில் என்பதால் ரொக்கம் மைனஸில் போவது சகஜம்.