ஓடிடி பற்றி ஆங்கிலத்தில் பேசப் பழகலாம்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்புக்குப் போகும் நர்சிங் பிள்ளைகளிடம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். ‘ஐ வாட்ச் மூவீஸ்’ என்று சட்டென்று பதில் வரும். என்ன படம், எதில் பார்த்தீர்கள், எப்படி இருந்தது என்று அடுத்த கேள்வி போனதும் ‘வெரி நைஸ்’ என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் முந்தின நாள் நடுராத்திரி வரை சீரிஸ் பார்த்தவர்கள்தான்.

சொல் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை இது. சப்ஸ்கிரிப்ஷன், டவுன்லோட், எபிசோட், ட்விஸ்ட் என்று பாதிச் சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. அவற்றை வைத்து வாக்கியம் கட்டத்தான் வருவதில்லை. அதனால் ஆப்பைத் திறப்பதில் தொடங்கி, பார்த்த கதையை இன்னொருவரிடம் சொல்வது வரை, நாம் வழக்கமாகச் செய்கிற வரிசையிலேயே போகலாம். ஒரு நோட்டு, ஒரு போன், ஏற்கெனவே பார்த்து முடித்த ஒரு மலையாளப் படம், இவ்வளவும் போதும். மலையாளம் எதற்கு என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

படி 1: கூடவே வரும் குட்டிச் சொல்லையும் எழுதுங்கள்

நோட்டில் ‘சப்ஸ்க்ரைப்’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. ‘சப்ஸ்க்ரைப் டு’ என்று எழுதுங்கள். ‘ஐ சப்ஸ்க்ரைப் டு டூ ஸ்ட்ரீமிங் சர்வீசஸ்.’ புதிதாகக் கணக்குத் தொடங்குவது ‘சைன் அப் ஃபார்’. இருக்கிற கணக்குக்குள் நுழைவது ‘லாக் இன் டு’. படம் பார்ப்பது ‘இன் நெட்ஃபிளிக்ஸ்’ இல்லை, ‘ஆன் நெட்ஃபிளிக்ஸ்’. தமிழில் ‘நெட்ஃபிளிக்ஸ்ல, வீட்ல, போன்ல’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘ல’ போதும் என்பதால் இந்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் சறுக்குவார்கள்.

‘ஓடிடி’ இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். லண்டனில் ஒருவரிடம் சொன்னால், அவர் காதில் ‘ஓவர் த டாப்’, அதாவது ‘ரொம்ப ஓவர்’ என்ற பொருள்தான் முதலில் விழும். ‘ஸ்ட்ரீமிங் சர்வீஸ்’ என்றால் எங்கே போனாலும் சிக்கல் இல்லை.

நமக்குத் தோதான நேரத்தில் பார்ப்பது ‘ஆன் டிமாண்ட்’. நடக்கும்போதே பார்ப்பது ‘லைவ்’. கோட்டாறு சவேரியார் திருவிழாத் தேர்ப்பவனியை துபாயில் இருந்துகொண்டே யூடியூபில் பார்க்கும் அண்ணன், ‘ஐ வாட்ச்டு த லைவ் ஸ்ட்ரீம்’ என்று சொல்ல வேண்டும். டூட்டி முடிந்து மறுநாள் பார்த்தால், ‘ஐ வாட்ச்டு த ரெக்கார்டிங் லேட்டர்.’

அடுத்து பணம். ‘வேலிடிட்டி முடிஞ்சு போச்சு’ என்பதை ‘மை சப்ஸ்கிரிப்ஷன் ஹேஸ் எக்ஸ்பையர்டு’ என்று சொல்லுங்கள். மறுபடி கட்டுவது ‘ரென்யூ’, நிறுத்துவது ‘கேன்சல்’. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் காசு கொடுத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பார்ப்பது ‘ரென்ட்’. டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1997-ல் தொடங்கப்பட்ட நெட்ஃபிளிக்ஸே முதலில் தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிய கம்பெனிதான். அதன் ஸ்ட்ரீமிங் 2007-ல் வந்தது, இந்தியாவுக்கு 2016 ஜனவரியில் வந்தது.

பேங்க் மெசேஜில் வரும் ‘மேண்டேட்’, ‘ஆட்டோ டெபிட்’ இரண்டையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிதான் மேண்டேட். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படித்துப் புரிந்துகொண்டால், ‘ஐ ஃபர்காட் டு கேன்சல் இட்’ என்ற வாக்கியம் உங்களுக்குத் தேவைப்படாது.

படி 2: படம் நின்றுபோனால் என்ன சொல்வது

‘ஸ்ட்ரக் ஆயிட்டு’ என்பார்கள் நம்மூரில். ‘ஸ்ட்ரக்’ என்றால் அடித்தது, அடிபட்டது என்று ஆகிவிடும். நகராமல் நிற்பது ‘ஸ்டக்’. நடுவில் ‘ர’ கிடையாது. லிஃப்டில் மாட்டினாலும், களியக்காவிளையில் டிராஃபிக்கில் மாட்டினாலும் அதே ‘ஸ்டக்’தான்.

வட்டம் சுற்றினால் ‘இட்ஸ் பஃபரிங்’. அடிக்கடி சுற்றினால் ‘இட் கீப்ஸ் பஃபரிங்’. இந்த ‘கீப்ஸ்’ நல்ல உபயோகமான ஆள்: ‘த ஆப் கீப்ஸ் க்ராஷிங்’, ‘இட் கீப்ஸ் ஆஸ்கிங் ஃபார் த பாஸ்வேர்ட்.’ வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போனால் ‘த சவுண்ட் இஸ் அவுட் ஆஃப் சிங்க்.’

பஃபரிங் என்பது என்ன? வீடியோ துண்டு துண்டாக வந்து சேர்கிறது. அடுத்து வரப்போகும் சில நொடிகளை போன் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்கும். அந்தச் சேமிப்புதான் பஃபர். அது காலியானதும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். 1080பி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே தரத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கு. பேச்சிப்பாறை மலைப்பக்கம் சிக்னல் வந்து வந்து போனால், ‘த சிக்னல் இஸ் பேட்சி ஹியர்’ என்று சொல்லலாம்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அங்கே ஸ்ட்ரீமிங் ஏது? கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ‘ஐ டவுன்லோடட் த ஹோல் சீசன் டு வாட்ச் ஆஃப்லைன்.’ ஆனால் டவுன்லோடுக்கும் கெடு உண்டு. சில படங்கள் ப்ளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ‘த டவுன்லோட் எக்ஸ்பையர்டு’ என்று நடுக்கடலில் ஆங்கிலம் பேசி என்ன ஆகப்போகிறது? கடலுக்குப் போகும் தம்பியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

படி 3: கதையைச் சொல்லுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில், நாம் ஒரு பொருளில் பயன்படுத்தி, ஆங்கிலத்தில் வேறாகிப் போகும் சில சொற்கள். ‘சீரியல்’ என்று அமெரிக்காவில் சொன்னால் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் பொருள்தான் நினைவுக்கு வரும். நம் சாயங்கால சீரியலுக்கு அங்கே ‘சோப்’ என்று பெயர். வானொலிக் காலத்தில் சோப்பு கம்பெனிகள் இந்தத் தொடர்களுக்கு விளம்பரம் கொடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ‘கிளைமாக்ஸ்’ என்று நாம் முடிவைச் சொல்கிறோம். அவர்களுக்கு அது கதை உச்சத்தைத் தொடும் இடம். முடிவு ‘எண்டிங்’. கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்க ‘ஹவ் டஸ் இட் எண்ட்?’ ஹீரோ நல்லவனாக இல்லாத கதைகள்தான் இப்போது நிறைய வருகின்றன. அதனால் ‘த மெயின் கேரக்டர்’ என்பது பாதுகாப்பு. ‘சீரிஸ்’ ஒன்றானாலும் சீரிஸ், பத்தானாலும் சீரிஸ்.

இனி அச்சு. இதை அப்படியே நோட்டில் எழுதி, காலியிடங்களை உங்கள் படத்தால் நிரப்புங்கள்:

‘இட்ஸ் எ … செட் இன் …’
‘இட்ஸ் அபவுட் எ … ஹூ …’
‘ஒன் டே …’

முதல் காலியிடத்தில் படத்தின் வகை: த்ரில்லர், காமெடி, ஃபேமிலி டிராமா. ‘செட் இன்’ என்பது கதை நடக்கும் இடம். ஷூட்டிங் நடந்த இடம் அது இல்லை, அதற்கு ‘ஷாட் இன்’. முட்டத்தில் ஷூட்டிங் நடத்திவிட்டுக் கதை கேரளாவில் நடப்பதாகக் காட்டினால் ‘ஷாட் இன் முட்டம், செட் இன் கேரளா.’

ஒரு மாதிரி: ‘இட்ஸ் எ த்ரில்லர் செட் இன் எ ஃபிஷிங் வில்லேஜ். இட்ஸ் அபவுட் எ நர்ஸ் ஹூ கம்ஸ் ஹோம் ஆஃப்டர் டென் இயர்ஸ். ஒன் டே, ஹெர் பிரதர் கோஸ் மிஸ்ஸிங்.’

‘கேம்’ இல்லை ‘கம்ஸ்’, ‘வென்ட்’ இல்லை ‘கோஸ்’ என்பதைக் கவனியுங்கள். படக்கதை சொல்லும்போது தமிழிலும் நாம் ‘அவன் ஊருக்கு வர்றான், அங்க ஒருத்தியைப் பாக்கான்’ என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வழக்கம். ஆனால் பரீட்சை என்றதும், பாஸ்ட் டென்ஸ் போட்டால்தான் மதிப்பு என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்தது மட்டும்தான் பாஸ்ட்: ‘ஐ வாட்ச்டு இட் லாஸ்ட் வீக்.’

கதை தொங்கலில் நிற்கிற இடத்தில் எபிசோட் முடிந்தால் ‘இட் எண்டட் ஆன் எ கிளிஃப்ஹேங்கர்.’ ‘அக்கா, முடிவைச் சொல்லிராதீங்க’ என்பதற்கு ‘நோ ஸ்பாய்லர்ஸ், ப்ளீஸ்!’

படி 4: பிடித்ததா இல்லையா

இங்கே நிறையச் சொற்கள் வேண்டாம், நாலைந்து போதும். விறுவிறுப்பு ‘கிரிப்பிங்’. மெதுவாகச் சூடுபிடித்தால் ‘எ ஸ்லோ பர்ன்’. முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் ‘பிரெடிக்டபிள்’. மனசு ஒட்டவே இல்லையென்றால் ‘ஐ குடுன்ட் கெட் இன்டு இட்.’ விட முடியாமல் பார்த்தால் ‘ஐ காட் ஹுக்டு ஆன் இட்.’ ஒரே மூச்சில் பார்த்துத் தீர்ப்பது ‘பிஞ்ச் வாட்ச்’. காலின்ஸ் அகராதி 2015-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

பிள்ளைகளோடு பார்க்கத் தோதில்லை என்றால் ‘இட்ஸ் நாட் சூட்டபிள் ஃபார் கிட்ஸ்.’ திரையின் மூலையில் வரும் யூ/ஏ 7+, யூ/ஏ 13+, யூ/ஏ 16+ போன்ற குறிகளுக்கு ‘ஏஜ் ரேட்டிங்’ என்று பெயர். இந்தியாவில் ஓடிடிக்கு இவற்றைக் கொண்டுவந்தவை மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்.

படி 5: மலையாளப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் போடுங்கள்

1956 நவம்பர் 1 வரை நம் ஊர், கேரளத்துக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் இன்றும் காதுக்குப் பழகிய பேச்சு. எழுத்து தெரியாதவர்களுக்கும் வசனம் புரியும். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இது. ஆங்கிலப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் இரண்டும் ஓடிப்போகும். தமிழ்ப் படத்துக்குப் போட்டால், கேட்டதும் புரிவதால் கண் கீழே இறங்காது. மலையாளம் நடுவாக நிற்கிறது: புரியும், ஆனாலும் கண் கொஞ்சம் கீழே போகும்.

ஏற்கெனவே பார்த்த படத்தில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் நடக்கும் சண்டைக் காட்சி உத்தமம், அன்றாடப் பேச்சு அதில்தான் நிறைய இருக்கும். சப்டைட்டிலோடு ஒருமுறை பாருங்கள். பிடித்த ஐந்து வரிகளை நோட்டில் எழுதுங்கள். அப்புறம் சப்டைட்டிலை அணைத்துவிட்டு, மலையாள வசனம் வந்ததும் நிறுத்தி, ஆங்கில வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சப்டைட்டிலில் வசனத்தைச் சுருக்கித்தான் போடுவார்கள், வார்த்தைக்கு வார்த்தை தேடாதீர்கள். இதைப் பற்றிப் பேசவும் இரண்டு வரி: ‘ஐ வாட்ச்டு இட் இன் மலையாளம் வித் இங்கிலீஷ் சப்டைட்டில்ஸ்.’ ‘இட்ஸ் டப்டு இன்டு தமிழ், பட் ஐ ப்ரிஃபர் த ஒரிஜினல்.’ ‘சிசி’ என்று போட்டிருந்தால் அது காது கேளாதவர்களுக்காக, கதவுச் சத்தம், மழைச் சத்தம் வரை எழுதிக் காட்டும் வகை. அதையே தேர்ந்தெடுங்கள், சத்தங்களுக்கான சொற்கள் இலவசமாகக் கிடைக்கும்.

படி 6: போனில் பதிவு செய்து பேசுங்கள்

ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள், யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. பிடித்த படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வரிசை தயாராக இருக்கிறது: எதில் பார்த்தேன், கதை என்ன, ஏன் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். ‘செட் இன்’, ‘அபவுட்’, ‘ஹுக்டு ஆன்’ என்று கொக்கிகளை மட்டும் குறியுங்கள். நம் உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இருக்க வேண்டியதில்லை, தெளிவாகப் புரிந்தால் போதும்.

மூன்றாம் பகுதியில் கேள்வி பொதுவாக இருக்கும். மக்கள் தியேட்டருக்குப் போவதையே விட்டுவிடுவார்களா என்று கேட்கலாம். ‘நோ’ என்று நிறுத்திவிடாமல் இப்படித் தொடருங்கள்: ‘ஐ டவுட் இட். அட் ஹோம் ஐ கேன் பாஸ் த மூவி வெனெவர் ஐ லைக், வெரேஸ் இன் எ சினிமா எவ்ரிபடி லாஃப்ஸ் டுகெதர்.’ ‘பாஸ்’ என்றால் இங்கே படத்தை நடுவில் நிறுத்தி வைப்பது; ‘வெரேஸ்’ என்றால் ‘ஆனால் அங்கேயோ’. ‘வெரேஸ்’க்கு இரண்டு பக்கமும் உங்கள் சொந்தக் காரணத்தைப் போட்டு, மூன்று விதமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.