குறைந்த செலவில் டூரிங் பைக்கின் இழுவையைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நீண்ட விடுமுறை நெருங்கினாலே ஜேசி ரோடு ஸ்பேர் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அல்சூர், மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும் நம் பையன்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, ஐயாயிரம் ரூபாய்க்குள்ள வண்டிய இன்னும் நல்லா இழுக்க வைக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்த ஐயாயிரம் முதலில் சைலன்சருக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஏர் ஃபில்டருக்கும் போய்விடுகிறது. கம்பெனி கொடுத்த சக்தியில் எவ்வளவு தொலைந்திருக்கிறது என்று பார்க்காமலே புதிய சக்தியை வாங்கப் போகிறோம். மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியில் தொலைந்ததை மீட்பதுதான் மிகவும் மலிவான டியூனிங். அதைச் செய்து முடித்த பிறகு பலருக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

எதைக் கூட்ட வேண்டும் என்பதிலேயே முதல் குழப்பம் வருகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20 குதிரைத்திறன் தருவது 6,100 ஆர்பிஎம்மில் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்). அதன் 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, கிடைப்பது 4,000 ஆர்பிஎம்மில். பின்னால் ஆளையும் இரண்டு பக்கமும் பையையும் வைத்துக்கொண்டு பண்ணாரியிலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது நமக்கு வேண்டியது அந்த 4,000-ஐச் சுற்றியுள்ள இழுவைதான். உச்ச வேகத்தில் ஓரிரு குதிரைத்திறன் கூட்டி, நடுவில் இருப்பதைக் குறைத்துக்கொள்ளும் மாற்றம் ரேஸ் டிராக்கில் சரி, டூரிங்குக்கு நஷ்டம்.

இன்னொன்று, நம் ஊரின் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் இங்கே சென்னையில் தரும் சக்தியைவிட ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் குறைவாகத்தான் தரும். காற்று அவ்வளவு மெலிந்திருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி இறங்கியதும் வண்டி சுதந்திரமாக ஓடுவதை எல்லோரும் கவனித்திருப்போம். "தமிழ்நாட்டு பெட்ரோல் நல்ல பெட்ரோல்" என்று சொல்வோம், அல்லது போன வாரம் மாற்றிய பிளக்குக்கு அந்தப் பெருமையைக் கொடுப்போம். அங்கே காற்று அடர்த்தியாக இருக்கிறது, அதுதான் விஷயத்தின் பெரும்பகுதி.

சைலன்சரும் கலவையும்

அதிகம் பணம் கரையும் இடம் இது. சத்தம் கூடினால் சக்தி கூடியதாகக் காதும் மனமும் நம்பிவிடுகின்றன. ஒற்றை சிலிண்டர் வண்டியில் சைலன்சரின் நீளமும் உள் அமைப்பும் கீழ் ஆர்பிஎம் இழுவையோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. அதைத் திறந்துவிட்டால் மேலே கொஞ்சம் கிடைக்கலாம், கீழே பெரும்பாலும் குறையும். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த சில வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியும் சேர்ந்தே போய்விடும், புகைச் சோதனையில் அது தெரியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் உரிமம் பறிபோகும் வாய்ப்பும் உண்டு. டூர் பட்ஜெட் அந்த ஒரு இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அபராதத்தைவிட நான் பயப்படுவது கலவை மெலிவதற்குத்தான், அதாவது காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லாமல் போவதற்கு. வெளியேறும் வழி திறந்ததும் இன்ஜின் கூடுதல் காற்றை இழுக்கிறது, அதற்கேற்ற பெட்ரோல் வருவதில்லை. எஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும்) வண்டியின் ஆக்சிஜன் சென்சார் சீராக ஓடும்போது மட்டும் ஓரளவு சரிசெய்யும். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் சின்னக் கணினி, தனக்குள் எழுதிவைத்த கணக்கைத்தான் பின்பற்றும், அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்கு எழுதியது. ஆக, மலையேறும்போது, அதிகச் சுமையில், அதிகச் சூட்டில்தான் பெட்ரோல் போதாமல் போகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிப்பது, மெதுவாக ஓட்டும்போது திணறுவது, பிளக் முனை வெளுத்திருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பெங்களூர்ச் சிக்கல் கூடுதலாக உண்டு. இங்குள்ள மெலிந்த காற்றுக்கு மைலேஜ் வரட்டும் என்று சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, கலவை ஸ்க்ரூவைக் குறைத்து வைத்துவிடுவார்கள். உள்ளூரில் பிரமாதமாக ஓடும். அதே வண்டி சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ இறங்கினால் காற்று அடர்த்தியாகிறது, ஜெட் அப்படியே இருக்கிறது, கலவை இன்னும் மெலிகிறது. இதோடு 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதுவும் கலவையை மெலிவுப் பக்கம் தள்ளும், கார்புரேட்டருக்கு அதை உணர வழியே இல்லை. மே மாதத்தில் நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரம் 90-ல் போனால் பிஸ்டனும் வால்வும்தான் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். தென் பக்கம் போகிறவர்கள் கம்பெனி ஜெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜில் கொஞ்சம் போனால் போகட்டும்.

சைலன்சர் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கலவைத் திருத்தத்துக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெங்களூரிலேயே உருவான பவர்ட்ரானிக் போன்ற கூடுதல் இசியுக்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் குறைந்த செலவு என்ற பேச்சே இல்லாமல் போகும்.

பெட்ரோல், பாட்டில், பிளக்

97, 99, 100 ஆக்டேன் பெட்ரோல் சக்தி தருவதற்கானது அல்ல, தட்டலை, அதாவது பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பதை, தடுப்பதற்கானது. 9.5-க்கு 1 அமுக்க விகிதம் கொண்ட ஹிமாலயன் 411 போன்ற இன்ஜினுக்குச் சாதாரண பெட்ரோலே போதும். உயர் அமுக்க கேடிஎம்மில் தட்டல் கேட்டால் மட்டும் யோசிக்கலாம். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் இ20-ல் லிட்டருக்குச் சுமார் 6, 7 சதவீத ஆற்றல் குறைகிறது. பெட்ரோலில் ஊற்றும் எந்த பாட்டில் மருந்தும் அதைத் திருப்பித் தராது. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், சக்தி கூட்டாது.

தொலைந்த சக்தி எங்கே இருக்கிறது

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். வெள்ளைத் தூசு பறக்கும் நம் சாலைகளுக்கு, மேனுவலில் எழுதிய கிலோமீட்டரில் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், மாற்றுங்கள். கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டருக்கு எண்ணெயை அள்ளிப் பூசுவதும் தவறு, அது காற்றை அடைத்து சென்சார் பக்கமும் போகும்.

அடுத்து டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. இதைச் சொன்னால் பலர் "சத்தமே வரலியே" என்பார்கள். இடைவெளி இறுகிப்போன வால்வு சத்தம் போடாது. முழுதாக மூடாமல் அமுக்கத்தைக் கசியவிட்டு, மெல்ல எரிந்துகொண்டிருக்கும். சத்தம் கேட்பது தளர்ந்திருக்கும்போதுதான். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டிய வேலை இது, வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் எடுக்கலாம். பழைய யுசிஇ இன்ஜின் புல்லட்டுகளில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் இது தேவையில்லை. மற்றவர்கள் சைலன்சரைப் பற்றி நினைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

கிளட்ச் நழுவுகிறதா என்று அறிய, மேல் கியரில் 50-ல் போய்க்கொண்டே முழுதாகத் திருகுங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் ஏறாவிட்டால் இன்ஜினில் குற்றமில்லை. சில்க் போர்டு நெரிசலில் தினமும் அரை கிளட்சில் ஊர்ந்த வண்டிகளில் இது சாதாரணம். கார் ஆயில் ஊற்றினாலும் நழுவும். ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் தரம்) என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்: பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ செயின் சில இடங்களில் இறுகினாலோ அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரி, இன்னும் மலையில் இழுவை போதவில்லை என்றால் நான் பணம் போடச் சொல்வது முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினைச் சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தில். 15 பல்லை 14 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லா கியரிலும் 7 சதவீதம் கூடும். சில நூறு ரூபாய் வேலை. அதே 7 சதவீதம் ஆர்பிஎம்மும் கூடும், நெடுஞ்சாலையில் அதிர்வு கூடி மைலேஜ் கொஞ்சம் குறையும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும். நேர் எதிராக, நெடுஞ்சாலை சொகுசுக்காக ஒரு பல்லைக் கூட்டிவிட்டு, திம்பத்தில் இரண்டாவது கியரை விட முடியாமல் தவிப்பவர்களையும் பார்க்கிறோம்.

சுமையை யாரும் டியூனிங் கணக்கில் சேர்ப்பதில்லை. கிளாசிக் 350 தானே 195 கிலோ. அதில் இரும்பு கார்டு, ஸ்டே, பெட்டி, எப்போதாவது தேவைப்படும் கேன் என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். அகலமான பெட்டிகள் காற்றையும் பிடிக்கும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 80-லிருந்து 100-க்குப் போனால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 20 குதிரைத்திறன் வண்டிக்கு இது பெரிய கணக்கு. பைகளை உடம்போடு ஒட்டிக் கட்டுவதும், டயர் காற்றை மேனுவல் சொல்லும் இருவர் அளவுக்கு வைப்பதும் காசில்லாத வேலை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள், கிளம்புவதற்கு முந்தைய நாள் வேண்டாம். அதே ஏற்றம், அதே கியர், அதே சுமையில் 50-லிருந்து 80 தொட எத்தனை நொடி ஆகிறது என்று, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பின்னால் உட்காருபவரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ராக்கெட் மாற்றியவர்கள் வேகத்தை போனின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், மீட்டரில் வேண்டாம்.