மரபியல் முதல் வகைப்பாடு வரை உயிரியலைத் திருப்பிப் பார்ப்பது எப்படி

தேர்வுக்கு உயிரியலைத் திருப்பும்போது பலரும் முதல் பாடத்திலிருந்து அடிக்கோடு போட்டுக்கொண்டே கடைசிப் பாடம் வரை வாசித்துவிடுகிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், கேள்வியைப் பார்த்தால் கை ஓடாது. அதனால் முதலில் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவிலிருக்கும் அத்தனையையும் எழுதிவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். இனி நீங்கள் படிக்க வேண்டியது அந்த வேறு நிறத்தில் இருப்பதை மட்டும்தான்.

மரபியலை மெண்டலிலிருந்து தொடங்காமல், இனச்செல்கள் (விந்து, முட்டை) உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பகுப்பிலிருந்து தொடங்குங்கள். மெண்டல் தன் பட்டாணிச் செடி முடிவுகளை வெளியிட்ட 1866இல் குரோமோசோமின் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும், அந்த வசதியை ஏன் விட வேண்டும்? குரோமோசோம்களுக்குப் பதிலாக இரண்டு நீளப் பென்சில், இரண்டு குட்டைப் பென்சில், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு நிறம் என்று எடுத்து, ஜோடிகளைப் பிரித்து மேசையில் நகர்த்திப் பாருங்கள். இனச்செல்லுக்கு 4 விதமான சேர்க்கை கிடைக்கும். மனிதருக்கு 23 ஜோடி குரோமோசோம், அதாவது 2ஐ 23 முறை பெருக்க வேண்டும், 83 லட்சத்தைத் தாண்டிவிடும், அதுவும் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தைச் சேர்க்காமலே. இது கையில் பட்டுவிட்டால் பெற்றோரின் இனச்செல்களைச் சேர்த்துப் பார்க்கும் புன்னட் கட்டம் தானாகவே வரும்.

மெண்டலின் 3:1 விகிதம் (வெளிப்படும் ஓங்கு பண்பு மூன்று, மறைந்து நிற்கும் ஒடுங்கு பண்பு ஒன்று) என்றதும் நான்கில் சரியாக மூன்று என்று எடுத்துக்கொள்வதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. மெண்டலே எண்ணியது 5474 உருண்டை விதை, 1850 சுருங்கிய விதை, வகுத்துப் பார்த்தால் 2.96 வரும். விகிதம் என்பது வாய்ப்பு. பெற்றோர் இருவரும் ஒரு நோயின் ஒடுங்கு அல்லீலை (அல்லீல் என்பது மரபணுவின் ஒரு மாற்று வடிவம்) நோய் இல்லாமலே தாங்குபவர்கள் என்றால், முதல் குழந்தைக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

சரி, மற்ற பாடங்களை இதோடு எப்படிக் கோப்பது? ஒரே ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடங்களுக்குள்ளும் போய் வாருங்கள். நான் எப்போதும் சொல்வது அரிவாள் செல் இரத்தசோகை. டிஎன்ஏவில் ஒரு அடினின் இருந்த இடத்தில் தைமின் வருகிறது, அதனால் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6வது இடத்தில் குளுட்டமிக் அமிலம் போய் வேலைன் வருகிறது, சிவப்பணு வளைந்துவிடுகிறது. படியெடுத்தல், புரத உற்பத்தி, சடுதி மாற்றம் மூன்றும் இதிலேயே முடிந்துவிட்டன. பெற்றோரிடமிருந்து எப்படி வருகிறது என்று கேட்டால் மெண்டல். இவ்வளவு கெடுதலான அல்லீல் ஏன் அழிந்துபோகவில்லை என்று கேட்டால் இயற்கைத் தேர்வு, ஏனென்றால் அந்த அல்லீல் ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு, மலேரியா பரவிய இடங்களில் அவர்கள் அதிகம் பிழைத்தார்கள். இதைப் புத்தகம் பார்க்காமல் ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் பாதித் திருப்புதல் முடிந்தது.

பரிணாமத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தனி உயிரி பரிணமிப்பதில்லை, இனக்கூட்டம்தான் (ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிரிகளின் கூட்டம்) பரிணமிக்கிறது. "ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி அது நீளமாகிவிட்டது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கடைசியில் உயிரினப் பல்வகைமை. இங்கேதான் பெயர்களை மனப்பாடம் செய்து களைத்துப்போகிறார்கள், எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இது ஒரு பெரிய குடும்ப மரம், பட்டியல் இல்லை. எந்த உயிரியைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: உட்கருவுக்குச் சவ்வு இருக்கிறதா, ஒரு செல்லா பல செல்லா, செல்சுவர் எதனால் ஆனது, உணவு எப்படிக் கிடைக்கிறது. சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்றால் பாக்டீரியா, கைட்டின் என்றால் பூஞ்சை, செல்லுலோஸ் என்றால் பெரும்பாலும் தாவரம். பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய உறவு என்பதை மரத்தில் வரைந்து பாருங்கள், மறக்காது. வௌவாலின் முன்னங்காலும் திமிங்கிலத்தின் துடுப்பும் அமைப்பு ஒத்தவை (ஒரே மூதாதையிடமிருந்து வந்த அமைப்பு), வௌவாலின் சிறகும் பூச்சியின் சிறகும் செயல் ஒத்தவை (வேலை ஒன்று, தோற்றம் வேறு).

எழுதிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி வெள்ளைத் தாளில் எழுதி, வேறு நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.