பள்ளிக்கு வரும் புகையிலை ஆய்வு: அனுமதி தருவதற்கு முன் பெற்றோரும் ஆசிரியரும் பார்க்க வேண்டியவை

புகையிலை எதிர்ப்புப் பிரசாரம் மாணவர்களிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று அறிய விரும்பும் ஆய்வுக் குழு, முதலில் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதும். அவர் அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைப்பார். நல்ல காரியம்தானே என்று அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுப்பதும் உண்டு. நம் பிள்ளைகளைப் பற்றி வெளியே தெரிந்துவிடும் என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. இரண்டுமே அவசரம். கடிதத்தோடு ஆய்வுத் திட்டத்தின் முழு நகலையும் கேட்டு வாங்கி, ஒரு வாரம் வைத்துப் படித்த பின் முடிவெடுப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. 1998-இல் அமெரிக்காவின் பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனமே இளைஞர்களைப் புகைக்க வேண்டாம் என்று சொல்லும் தொலைக்காட்சி விளம்பரங்களை வெளியிட்டது; பிறகு, பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் பற்றிப் பேசுங்கள் என்று பெற்றோரை நோக்கியும் விளம்பரம் செய்தது. கேட்பதற்கு யாருக்கும் குறை தோன்றாத அறிவுரை அது. ஆனால் நிறுவனத்தைச் சாராத ஆய்வாளர்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு விளம்பரம் ஒளிபரப்பானது என்ற கணக்கையும் மாணவர்கள் அளித்த விடைகளையும் பொருத்திப் பார்த்து 2006-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பெற்றோருக்கான அந்த விளம்பரங்கள் மிகுதியாக ஒளிபரப்பான இடங்களில், 10, 12ஆம் வகுப்பு மாணவர்கள் புகைப்பதன் தீங்கைக் குறைவாக மதிப்பிட்டார்கள். பிற்காலத்தில் புகைக்கும் எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்று மட்டும் எண்ணியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. அதே காலத்தில், சிகரெட் நிறுவனங்களின் விற்பனைத் தந்திரங்களை இளைஞர்களுக்கு அம்பலப்படுத்திய ‘ட்ரூத்’ என்ற பிரசாரம் 2000-இல் அமெரிக்கா முழுவதும் தொடங்கியது. 1999 முதல் 2002 வரை இளைஞர்களிடையே புகைப்பழக்கம் குறைந்ததில் சுமார் 22 விழுக்காடு இப்பிரசாரத்தால் நேர்ந்தது என்று 2005-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஆகவே நிதியளிப்பவர் பெயரை எழுத்தில் கேளுங்கள். பெயர் ஓர் அறக்கட்டளையுடையதாக இருந்தால், அந்த அறக்கட்டளைக்குப் பணம் தருபவர் யார் என்றும் கேளுங்கள். 2017-இல் புகையற்ற உலகம் என்ற பெயரோடு தொடங்கிய அறக்கட்டளை ஒன்றுக்குப் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல்தான் நிதி அளித்தது. உலக சுகாதார நிறுவனம் அதனோடு கூட்டுச் சேர மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

அடுத்தது, ஒப்பிடுவதற்கு ஒரு தரப்பு இருக்கிறதா என்பது. பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறப் புகையிலையைத் தொட்டுப் பார்ப்பவர் தொகையும் பொதுவாக ஏறும் என்பதால், பிரசாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பள்ளியை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 6, 8ஆம் வகுப்பு மாணவர்களோடு ‘மைத்ரி’ என்ற புகையிலைத் தடுப்புத் திட்டம் நடந்தது. பாடமும் செயல்பாடுகளும் பெற்ற பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 விழுக்காடு குறைந்தது. பெறாத பள்ளிகளில் 68 விழுக்காடு கூடியது. இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணின் அருமை தெரியாது. உங்கள் பள்ளி ஒப்பீட்டுத் தரப்பில் வைக்கப்பட்டால், ஆய்வு முடிந்ததும் அதே பாடத்தை உங்கள் மாணவர்களுக்கும் தருவதாக எழுதி வாங்குங்கள்.

ஒப்புதல் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் அதைப் பெற வேண்டும். பெற்றோர் சம்மதித்த பின்னும் பிள்ளை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். படிவம் தமிழில், ஒரு முறை வாசித்தால் புரியும்படி இருக்கட்டும். ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணும் தேதியும் அதில் இல்லாவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட வகுப்பறையில் நடப்பதைக் கவனியுங்கள், ஏனெனில் பெரும்பாலான ஆய்வுகள் கெடுவது அங்கேதான். 13 முதல் 15 வயது மாணவர்களிடையே 2019-இல் நடந்த உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில், இந்தியாவில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிகரெட் புகைத்தவர்களில் 38 விழுக்காட்டினர் 10 வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். வகுப்பாசிரியர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் இதை எழுதாது. அந்தக் கணக்கெடுப்பின் விடைத்தாளில் மாணவர் பெயர் கிடையாது. உங்கள் பள்ளியிலும் பெயரோ வருகை எண்ணோ கேட்கக் கூடாது. ஆசிரியர்கள் வெளியே இருக்க வேண்டும். விடைத்தாளை மாணவரே பெட்டியில் போட வேண்டும். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர்கள் உண்டு என்பதால், குறியிட்டால் போதும் என்ற வகைக் கேள்விகளே நல்லவை. கேள்வித்தாள் சிகரெட்டை மட்டும் கேட்கிறதா, பீடியையும் ஹான்ஸ், கூல் லிப் என்று மாணவர் பேச்சில் புழங்கும், வாயில் அடக்கும் புகையிலைப் பொருள்களையும் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்ற கேள்வி வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது அப்பாவையும் தாத்தாவையும் பற்றிய செய்தி; பிள்ளை அதை எழுதிவிட்டு வீட்டைக் காட்டிக்கொடுத்த குற்ற உணர்வோடு திரும்பக் கூடாது. விரும்பாத கேள்வியைத் தாண்டிச் செல்லலாம் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டி விளைவை அளக்கும் ஆய்வென்றால், வீட்டிலேயே அந்த நோய் உள்ளவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எழுந்து வெளியே போக வழி இருக்க வேண்டும்.

முடிவுகளை எப்படி வாசிப்பது என்றும் கேட்டு வையுங்கள். 2016-17-இல் இந்தியாவில் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் புகைப்பவர்களில் 61.9 விழுக்காட்டினர் உறையில் உள்ள எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிட நினைத்ததாகக் கூறினர். விட நினைத்தவர்கள் எல்லோரும் விட்டவர்கள் அல்லர். நினைத்தவரையும் விட்டவரையும் தனித்தனியே எண்ணாத ஆய்வை நான் அதிகம் நம்ப மாட்டேன்.

பயன்படுத்துவதாகச் சொல்லும் மாணவருக்குத் தண்டனை இல்லை, உதவி உண்டு என்பதும் அனுமதிக் கடிதத்தில் இடம்பெற வேண்டும். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா தொலைபேசி எண்ணைக் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டு, கிழித்து எடுத்துச் செல்லும்படி எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தால், யாருக்கு அது தேவை என்று வெளியே தெரியாது. அப்பாவிடம் கொடுக்க நினைக்கும் பிள்ளைக்கும் அது உதவும். அதே கடிதத்தில், ஆய்வின் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்க அளவில் எழுதி, எந்தத் தேதியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து விளக்குவார்கள் என்பதையும் குறித்துக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.