மூத்தவரும் இளையவரும் சேர்ந்து மிஷனெரிப் பணி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்துச் சபைகளில் மிஷனெரி ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. பெரியவர்கள் வட இந்தியப் பணித்தளங்களுக்காக ஆண்டுக்கணக்கில் ஜெபித்துக் காணிக்கை அனுப்பியவர்கள். சிலர் அங்கேயே வாழ்ந்து திரும்பியவர்கள். பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் பல நாட்டாரோடு சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் எவ்வளவோ நடக்கும். நடக்கவிடாமல் கெடுப்பவை நம் பழக்கங்கள்தாம்.

அவற்றில் பெரியது, வேலையை வாலிபரிடம் கொடுத்து முடிவைப் பெரியவர்களே வைத்துக்கொள்வது. மே மாத முகாமைப் பாருங்கள். நாற்காலி போடுவது, மைக் கட்டுவது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது எல்லாம் வாலிபர்கள். யார் செய்தி கொடுப்பது, காணிக்கை எந்தப் பணித்தளத்துக்குப் போவது என்பதைக் கமிட்டி முந்தின மாதமே முடித்திருக்கும். அந்தக் கமிட்டியும் வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூடும். வெள்ளி இரவு மலையேறி ஞாயிறு மாலை இறங்குகிற பிள்ளை எப்படி வருவான்? பிறகு அவனுக்கு அக்கறை இல்லை என்று குறைப்படுவது அநியாயம். கூட்டத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். செக்கில் கையெழுத்திடுபவர்களில் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். ஞாயிறு பள்ளியைத் தாங்கி நிற்கும் இளம் சகோதரிகளையும் அந்த மேசைக்கு அழையுங்கள்.

பெரியவர் ஓய்வு பெறும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேலைநாட்டாரிடம் கேட்ட நம் தமிழ் ஊழியர் வி. எஸ். அசரியாவுக்கு வயது 35. அவரைவிட இருபது வயது மூத்தவரான சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட், மிஷனெரிகள் சிலர் எதிர்த்தும் விடாமல் பாடுபட்டு, 1912இல் அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராக வழிசெய்தார். அதன்பின் 1922 வரை சென்னையில் தம் பணியையும் தொடர்ந்தார். எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும்.

ஒரு மாநாட்டில் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு உறவை முடித்துக்கொள்வதும் தவறுதான். உலக நற்செய்திப் பணிக்காகப் பல நாட்டுத் தலைவர்களை இணைக்கும் லொசான் இயக்கம் இளம் தலைவர்களை 1987இல் சிங்கப்பூரிலும், 2006இல் மலேசியாவிலும், 2016இல் ஜகார்த்தாவிலும் கூட்டியது. அப்படிப்பட்ட கூட்டங்களின் பயன், ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில்தான் தெரியும்.

இளையவர்களே, உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. பெரியவர்கள் மாறமாட்டார்கள் என்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, மொழி தெரியாத ஊருக்கு நான்கு நாள் போய் வீடியோவோடு திரும்புகிறீர்கள். 1840களில் கேத்திக்கு வந்த சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் ஊழியர்கள், படுகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்கு நடந்து நடந்து, முதல் ஞானஸ்நானத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை தெரிந்த மனிதர்கள் உங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். பணித்தளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஐயா ஒருவரோ அக்கா ஒருவரோ நாலு தெரு தள்ளித்தான் குடியிருப்பார். அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போங்கள். புது ஊரில் முதலில் யாரைப் பார்த்தார், மொழியை யாரிடம் கற்றார், பணம் வராத மாதங்களில் குடும்பம் எப்படி ஓடியது என்று கேளுங்கள். முடிந்தால் அவரையும் உடன் வரச் சொல்லுங்கள். ரயிலில் கீழ்ப்படுக்கையாகப் பார்த்து எடுங்கள்.