மார்ச் 8 முதல் டிசம்பர் 10 வரை: மேடை போடுமுன் கவனிக்க வேண்டியவை

மகளிர் தினம் என்றால் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு தினமான நவம்பர் 25 என்றால் மெழுகுவத்தி. மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10 என்றால் உறுதிமொழி. கல்லூரி, அலுவலகம், ஊராட்சி, மகளிர் குழு என எங்கு பார்த்தாலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய இதுதான். கோலம் போடுவதில் தவறில்லை, அதோடு நிகழ்ச்சி முடிந்துபோவதுதான் குறை. இந்த நாள்களில் நடக்கும் பிழைகளில் சில பேனரோடு போய்விடும். சில ஏற்பாடு செய்தவரைக் காவல் நிலையம் வரை கொண்டுபோகும்.

வரலாற்றைத் தப்பாகச் சொல்வது

மேடையில் அதிகம் கேட்கும் கதை, 1857 மார்ச் 8இல் நியூயார்க் ஆடைத் தொழிலாளிப் பெண்கள் போராடினார்கள் என்பது. அந்தப் போராட்டத்துக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கதை அச்சில் வந்ததே 1950களில்தான். 146 பேர் கருகிய நியூயார்க் ஆலைத் தீவிபத்தின் நினைவாக வந்த நாள் என்பதும் பொருந்தாது. தீவிபத்து நடந்தது 1911 மார்ச் 25. முதல் மகளிர் தினமோ அதற்கு ஆறு நாள் முன்பே, மார்ச் 19 அன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் கொண்டாடப்பட்டுவிட்டது.

நடந்தது இது: 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் ஜெர்மன் சோஷலிசத் தலைவர் கிளாரா ஜெட்கினும் தோழர்களும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்றார்கள். தேதி அப்போது குறிக்கப்படவில்லை. 1917இல் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அது அவர்களுடைய பழைய நாள்காட்டியில் பிப்ரவரி 23, நம் நாள்காட்டியில் மார்ச் 8. ஐ.நா. இந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது 1975இல். பொதுச்சபைத் தீர்மானம் 1977இல் வந்தது. ஆகவே 'ஐ.நா. உருவாக்கிய மகளிர் தினம்' என்று அழைப்பிதழில் போடாதீர்கள்.

இரண்டு கருப்பொருள்களைக் குழப்புவது

மார்ச் 8க்கு ஐ.நா. ஒரு கருப்பொருளை அறிவிக்கும். மகளிர் தினத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இயங்கும் ஒரு தனியார் இணையதளம் வேறொன்றை அறிவிக்கும். கூகுளில் தேடினால் பல நேரம் தனியாருடையதுதான் முதலில் கண்ணில் படும். 2024இல் ஐ.நா. சொன்னது பெண்களுக்காக முதலீடு செய்து முன்னேற்றத்தை விரைவுபடுத்துங்கள் என்று. தனியார் தளம் சொன்னது 'இன்ஸ்பயர் இன்க்ளூஷன்', அதாவது எல்லோரையும் உள்ளடக்கத் தூண்டுங்கள் என்று. நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் ஐ.நா. சின்னத்துக்குக் கீழே தனியார் வாசகம் அச்சானது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் தளத்தில் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். சின்னத்தை அனுமதியின்றிப் போடுவது தனித் தவறு.

தேதிகளும் கலந்துவிடுகின்றன. ஜனவரி 24 இந்தியாவின் தேசியப் பெண் குழந்தைகள் தினம். அக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம். பிப்ரவரி 13 சரோஜினி நாயுடு பிறந்த நாள், தேசிய மகளிர் தினம். அக்டோபர் 15 ஊரகப் பெண்கள் தினம். சுய உதவிக் குழுக்களுக்கு மிகவும் பொருந்தும் இந்த நாளை யாரும் சீண்டுவதில்லை.

பதினாறு நாள்

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, இரு முனையும் சேர்த்து 16 நாள். 1991இல் தொடங்கிய இந்த இயக்கம் பெண்கள் மீதான வன்முறையை மனித உரிமை மீறலாகப் பார்க்கச் சொல்கிறது. அதனால்தான் மனித உரிமைகள் தினத்தில் போய் முடிகிறது. நிறம் ஆரஞ்சு, மார்ச் மாதத்து ஊதாப் பேனரைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம்.

நவம்பர் 25, டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி த்ருஹீயோவின் ஆட்கள் மிராபல் சகோதரிகள் பத்ரியா, மினெர்வா, மரியா தெரசா மூவரையும் 1960இல் கொன்ற நாள். சகோதரிகள் நால்வர், தேதே என்ற நான்காமவர் 2014 வரை வாழ்ந்தார். 'கொல்லப்பட்ட நான்கு சகோதரிகள்' என்று எழுதிவிடுகிறார்கள்.

பதினாறு நாளும் நிகழ்ச்சி வைத்தால் ஐந்தாம் நாளே கூட்டம் கரைந்துவிடும். நவம்பர் 26 அரசியலமைப்பு தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். பள்ளி, கல்லூரிகளில் அன்று எப்படியும் கூட்டம் இருக்கும். அரசியலமைப்பு தினத்தில் முகப்புரை வாசிப்பதோடு, சம வேலைக்குச் சம ஊதியம் பேசும் 39(ஈ) பிரிவையும் வாசிக்கலாம்.

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இது. நோக்கம் நல்லதாக இருப்பதால் யாருக்கும் உறைப்பதும் இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை, அல்லது அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் இது 228ஏ. இறந்தவரானாலும் பெயரை வெளியிடக் கூடாது என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்னும் விரிவானது: பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி.

மெழுகுவத்தி ஊர்வலத்தில் 'எங்கள் ஊர் தங்கைக்கு நீதி வேண்டும்' என்று எழுதி, கீழே தெருப் பெயரும் பள்ளிப் பெயரும் போட்டால் பெயரே போட்ட மாதிரிதான். முகத்தை மங்கலாக்கிவிட்டு அம்மாவின் முகத்தைக் காட்டுவதும் அப்படியே. அந்தப் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

பாதிக்கப்பட்ட பெண்ணை மேடையேற்றிப் பேச வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டது அந்த அறையில் இருப்பவர்களிடம் பேசத்தான். ஃபேஸ்புக் லைவுக்கு அல்ல. வன்முறை பற்றிய கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் ஓரமாக வந்து பேசத் தயங்கி நிற்பார். அவருக்காக மேடையிலிருந்து தள்ளி, ஒலிபெருக்கி எட்டாத இடத்தில் ஒரு மேசையும், கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணும், குடும்ப வன்முறைப் புகாரைக் கவனிக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம் இரண்டின் முகவரியும் வேண்டும். 181 (பெண்கள் உதவி), 1098 (குழந்தைகள் உதவி), 1930 (இணையக் குற்றம்) எண்களை அச்சடிக்குமுன் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். 'குடும்ப வன்முறையா? அழையுங்கள்' என்று கொட்டை எழுத்தில் அச்சான சீட்டு, வீட்டில் கணவன் கையில் கிடைத்தால் அதுவே அடி வாங்கித் தரும். 108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை) எண்களோடு சேர்த்து 'அவசர எண்கள்' என்று மட்டும் தலைப்பிட்டால் போதும்.

அலுவலகத்தில் ரோஜாப் பூ

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். குழு அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. பல இடங்களில் குழு காகிதத்தில் இருக்கும். வெளி உறுப்பினர் எப்போதோ விலகியிருப்பார். மார்ச் 8க்கு முன் பெயர்ப் பலகையைச் சரிபார்த்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். புகார் தர மூன்று மாதக் கெடு உண்டு என்பதை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் சொல்லுங்கள். பூவும் கேக்கும் அதற்குப் பிறகு.

டிசம்பர் 10

1948இல் பாரிஸில் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 48 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து ஓட்டு ஒன்றும் இல்லை. எட்டு நாடுகள் நடுநிலை வகித்தன. இது பிரகடனம், சட்டம் அல்ல. இதை நீட்டி நம் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. போட உதவுவது அரசியலமைப்பின் 32 (உச்ச நீதிமன்றம்), 226 (உயர் நீதிமன்றம்) பிரிவுகள்.

விருந்தினரை அழைக்கும்போதும் கவனம் தேவை. 'மனித உரிமை' என்று பெயர் வைத்து, அடையாள அட்டை விற்று, காரில் பலகை மாட்டும் தனியார் சங்கங்கள் ஏராளம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தவை தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும்தான். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்காது. புகாருக்குக் கட்டணமும் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு மறுநாள்

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மகளிர் தினம் முடிந்து சரியாக இரண்டே வாரத்தில் ஒரு கிராம சபை வருகிறது. ஊரகப் பெண்கள் தினத்துக்குப் பின் நவம்பர் 1 வருகிறது. தேர்தல் நடத்தை விதி போன்ற காரணங்களால் சில முறை தள்ளிப்போகும். மார்ச் 8இல் பேசியதை அங்கே தீர்மானமாகக் கொண்டுபோகாதவர்களே அதிகம்.

'பெண்கள் பாதுகாப்புக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ரேஷன் கடை வரை எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று, கம்பத்து எண்ணோடு எழுதுங்கள். அதை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வையுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு எழுந்து வராமல், தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நகல் தர மறுத்தால், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனுவில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.